கையில் இருக்கும் தொழிலுக்குச் சான்றிதழ்: வேலை செய்தபடியே தகுதி பெறுவது எப்படி?

சேலம் மாவட்டத்தில் தொழில் தெரிந்த கைகளுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கொலுசுப் பட்டறைகள், இளம்பிள்ளையில் தறிகள், சங்ககிரியில் லாரிப் பட்டறைகள், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள், மலைமேல் ஏற்காட்டில் காபித் தோட்டங்கள் என்று, பள்ளிக்கூடத்தில் கழித்ததைவிட வேலைத்தளத்தில் அதிக ஆண்டுகளைக் கழித்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இவர்களிடம் ஒரு விண்ணப்பப் படிவத்தை நீட்டினால், ‘கல்வித் தகுதி’ என்ற கட்டத்தில் ‘எட்டாம் வகுப்பு’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். பதினைந்து ஆண்டாகக் கற்ற தொழிலை எழுத அந்தப் படிவத்தில் இடமே இருக்காது. அந்த இடத்தை உண்டாக்குவதற்காக ஏற்பட்டதுதான் பணிவழித் தொழில் தகுதி.

வகுப்பில் உட்கார்ந்து படித்து, ஆண்டு முடிவில் தேர்வு எழுதிப் பெறுவது வழக்கமான கல்வித் தகுதி. வேலை நடக்கும் இடத்திலேயே வேலையைக் கற்று, அல்லது ஏற்கெனவே கற்ற வேலையைச் செய்துகாட்டி, முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்ட ஒரு தரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கிடைப்பது பணிவழித் தகுதி. இரு சக்கர வாகன உரிமத்துக்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 8 போட்டுக் காட்டுவதை நினைத்துப் பார்த்தால் இது உடனே விளங்கும். அங்கே நிற்கும் ஆய்வாளர், வண்டி ஓட்ட யார் கற்றுக்கொடுத்தார்கள், எத்தனை மாதம் ஆயிற்று என்றெல்லாம் கேட்பதில்லை. கால் தரையில் ஊன்றாமல் 8 முடிகிறதா என்றுதான் பார்க்கிறார்.

இதை அனுபவச் சான்றிதழோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. ‘இவர் எங்கள் நிறுவனத்தில் 6 ஆண்டுகள் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்’ என்று முதலாளி எழுதித்தரும் தாள், ஒருவர் எவ்வளவு காலம் இருந்தார் என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த 6 ஆண்டுகளும் இயந்திரத்தை இயக்கினாரா, இயந்திரத்தின் அடியில் விழும் பிசிறைக் கூட்டிப் பெருக்கினாரா என்பது அதில் தெரியாது. பணிவழித் தகுதிக்கோ மூன்று உறுப்புகள் வேண்டும்: என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பொதுவில் எழுதிவைக்கப்பட்ட தரம், அது தெரியும் என்பதற்கான கண்கூடான சான்று, அந்தச் சான்றைப் பார்த்து முடிவு சொல்லும், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் வேண்டியவராக இல்லாத ஒரு மதிப்பீட்டாளர். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும், கிடைக்கும் தாளுக்கு நான் பெரிய மதிப்புத் தர மாட்டேன்.

தரம் எப்படி எழுதப்படுகிறது?

ஒரு தொழிலை எழுத்தில் வடிப்பது கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் செய்வதற்கு எளிதன்று. முதலில் தொழிலைப் பல பணிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பணிக்கும் மூன்று வகையான செய்திகளை எழுதுகிறார்கள்: அந்தப் பணியைச் செய்பவர் என்னென்ன செய்துகாட்ட வேண்டும், அதற்கு அடிப்படையாக எவற்றை அறிந்திருக்க வேண்டும், தனக்கும் அருகில் இருப்பவருக்கும் ஆபத்து நேராமல் எப்படி நடந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் இப்படி எழுதப்படும் ஒவ்வொரு பணியின் வரையறையும் தேசியத் தொழில் தரம் என்று அழைக்கப்படுகிறது. ஒரு வேலைக்கு வேண்டிய இத்தகைய தரங்களைச் சேர்த்துக் கட்டினால் அது அந்த வேலைக்கான தகுதித் தொகுப்பு ஆகிறது. வாகனம், நகை, துணி, வேளாண்மை என்று ஒவ்வொரு துறைக்கும் தொழில் நடத்துபவர்களை உள்ளடக்கிய திறன் மன்றங்கள் இருக்கின்றன. அவையே பெரும்பாலும் இத்தொகுப்புகளை எழுதுகின்றன.

ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் ஒரு பணியை எடுத்துக்கொள்வோம். அராபிகா செடியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத்துளைப்பானைக் கண்டுபிடிப்பது அனுபவமுள்ள தோட்டத் தொழிலாளிக்கு நடந்துபோகும்போதே முடிகிற காரியம். இலை வெளுத்து வாடியிருக்கும் செடியின் அருகில் குனிந்து, தண்டின் பட்டையை விரலால் தடவி, உள்ளே புழு துளைத்துச் சென்ற பாதை மேலே வரப்புப்போலப் புடைத்திருப்பதை உணர்ந்து, ‘இது போயிற்று’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுவார். இதைத் தரமாக எழுதும்போது, எந்த அறிகுறிகளை வைத்து அடையாளம் காண வேண்டும், எந்தப் பருவத்தில் தேட வேண்டும், தாக்கப்பட்ட செடியை வேரோடு பிடுங்கி எரிப்பது ஏன், பிடுங்கியதை அங்கேயே போட்டுவைத்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டியிருக்கிறது. தொழிலாளிக்கு விரல் நுனியில் இருக்கும் அறிவைத் தாளில் கொண்டுவர ஒரு பக்கம் பிடிக்கிறது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. வேலையைச் செய்துகாட்டித் தகுதி பெறுவதென்றால் வேலை நடக்கும் காலத்தில்தான் காட்ட முடியும். ஏற்காட்டில் காபிப் பழம் சிவப்பது நவம்பரை ஒட்டித் தொடங்கும். அறுவடை முடிந்த பிறகே கவாத்து. ஜூன் மாதத்தில் மலையேறி வரும் மதிப்பீட்டாளரிடம், பழுத்ததை மட்டும் பறித்துப் பச்சைக்காயைக் கிளையில் விட்டுவைக்கும் கைத்திறனை எவரும் காட்ட முடியாது. அரசின் நிதியாண்டுக்கும் தோட்டத்தின் ஆண்டுக்கும் கணக்கு ஒத்துப்போவதில்லை என்பதை மதிப்பீட்டு அட்டவணை போடுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வெள்ளிக் கொலுசுத் தொழிலில் சிக்கல் வேறு மாதிரியானது. சேலத்தில் ஒரு கொலுசு ஒரே கூரையின் கீழ் பிறப்பது குறைவு. ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் வளையங்களைக் கோர்த்துப் பற்றவைப்பார்கள், வேறொரு வீட்டில் சலங்கை சேர்ப்பார்கள், மெருகு ஏற்றுவது மற்றோர் இடத்தில். இருபது ஆண்டுகள் பற்றவைப்பு மட்டுமே செய்த ஒருவரின் ஊதுகுழல் சுடர், பொடி உருகும் அந்த நொடியில் விலகும் துல்லியத்தை எந்தப் பள்ளியிலும் கற்றுத்தர முடியாது. ஆனால் தகுதித் தொகுப்பு உருக்குவதையும், கம்பி இழுப்பதையும், மெருகையும் சேர்த்துக் கேட்டால் அவர் தோற்றுவிடுவார். தொழில் துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கும் ஊரில், தகுதியும் துண்டு துண்டாகப் பெறும்படி இருப்பதுதான் நியாயம். புதிய சட்டகத்தில் தனித்தனிப் பணிகளுக்கு மதிப்பலகு (கிரெடிட்) சேர்த்துக்கொண்டே போகும் வசதி வந்திருப்பதை நான் முக்கியமாகக் கருதுவது இதனால்தான். 2023-இல் வெளியான தேசிய மதிப்பலகுச் சட்டகத்தின்படி 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு மதிப்பலகு. ஓர் ஆண்டுக்கு 1,200 மணி நேரம், அதாவது 40 மதிப்பலகுகள் என்பது கணக்கு. இந்த மணி நேரத்தில் வகுப்பறை மட்டுமன்றிப் பட்டறையில் செய்யும் பயிற்சியும் அடங்கும்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

தொழிலைத் தரமாக எழுதி, வேலையிடத்திலேயே மதிப்பிட்டுச் சான்று தரும் முறையை நாடு முழுவதற்குமான ஏற்பாடாக 1986-இல் தொடங்கியது பிரிட்டன். தேசியத் தொழில் தகுதி என்ற பெயரில் ஐந்து நிலைகளில் அது வகுக்கப்பட்டது. தொழிலாளி தான் செய்த வேலையின் சான்றுகளைக் கோப்பாகச் சேர்த்துவைப்பார். மதிப்பீட்டாளர் நேரில் வந்து வேலையைப் பார்ப்பார். மதிப்பீட்டாளர் ஒழுங்காகப் பார்த்தாரா என்று இன்னொருவர் சரிபார்ப்பார். கோப்பில் தாள் சேர்ப்பதே வேலையாகிவிட்டது என்ற குறை அங்கே நெடுநாளாகச் சொல்லப்பட்டதுண்டு. ஜெர்மனியின் வழி இதைவிடப் பழையது: வாரத்தில் சில நாட்கள் நிறுவனத்தில், ஓரிரு நாட்கள் தொழிற்பள்ளியில் என்று பெரும்பாலும் இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள் பயிற்சி; முடிவில் தொழில் வணிகச் சபையோ கைவினைஞர் சபையோ நடத்தும் தேர்வு. இலங்கைத் தமிழர்களுக்கு ‘தேசிய தொழில் தகைமை’ என்பது பழகிய பெயர். அங்கே அது ஏழு நிலைகளைக் கொண்டது.

இந்தியாவில் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் 1961-இல் இயற்றப்பட்டு, 1962 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. எல்லாத் தொழில் தகுதிகளையும் ஒரே ஏணியில் நிறுத்தும் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் பத்துப் படிகளாக இருந்த ஏணி இப்போது எட்டுப் படிகளாகவும் இடையிடையே அரைப் படிகளாகவும் மாற்றப்பட்டிருக்கிறது. பத்தாம் வகுப்பு 3-ஆம் நிலை, பன்னிரண்டாம் வகுப்பு 4-ஆம் நிலை என்று பள்ளிக் கல்வியும் அதே ஏணியில் பொருத்தப்பட்டிருப்பதால், ஒரு தொழில் சான்றிதழின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் நிலை எண்ணைப் பார்த்தே அது எந்த உயரத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். இந்தச் சான்றிதழ்களை வழங்கும் அமைப்புகளுக்கு ஒப்புதல் தந்து கண்காணிப்பது தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமம். அது 2018-இல் அமைக்கப்பட்டு 2020-இல் இயங்கத் தொடங்கியது.

முதல் வழி: தொழிற்பழகுநர் பயிற்சி

நம் பக்கத்தில் ‘அப்ரண்டிஸ்’ என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். சேலம் உருக்காலை, தெற்கு ரயில்வே, அரசுப் போக்குவரத்துக் கழகம் போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் தனியார் ஆலைகளும் இதில் ஆள் சேர்க்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 விழுக்காடு முதல் 15 விழுக்காடு வரை தொழிற்பழகுநர்களைச் சேர்க்கச் சட்டப்படி கடமைப்பட்டது. 4 முதல் 29 பேர் வரை உள்ள சிறு நிறுவனம் விரும்பினால் சேர்க்கலாம். ஆகவே பத்துப் பேர் வேலை பார்க்கும் சிறிய லேத் பட்டறையும் இந்த ஏற்பாட்டுக்குள் வரலாம் என்பது பல பட்டறை உரிமையாளர்களுக்கே தெரியாத செய்தி.

சேருபவர் 14 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். ஆபத்தான தொழில்களுக்கு 18 வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வருபவருக்குப் பயிற்சி பெரும்பாலும் ஓராண்டு. ஐ.டி.ஐ. படிக்காமல் நேரடியாகச் சேருபவருக்கு முதலில் அடிப்படைப் பயிற்சி, அதன்பின் வேலையிடப் பயிற்சி என்று காலம் நீளும். பயிற்சிக் காலம் முழுவதும் மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் நிர்ணயித்த குறைந்தபட்ச அளவு, ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவருக்கு 5,000 ரூபாய், பத்தாம் வகுப்புக்கு 6,000, பன்னிரண்டாம் வகுப்பு அல்லது ஐ.டி.ஐ. படித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இவை கீழ்வரம்புகள், நிறுவனம் கூடுதலாகத் தருவதைச் சட்டம் தடுக்கவில்லை. சேரும் நேரத்தில் நடப்பில் உள்ள அளவு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2016-இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ் உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் என்ற வரம்புக்குள், மத்திய அரசு ஏற்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். ஆலையில் ‘டிரெய்னி’ என்று சேர்த்துக்கொள்ளப்படும் எல்லாரும் தொழிற்பழகுநர்கள் அல்லர். நிறுவனத்துக்கும் பழகுநருக்கும் இடையே எழுத்தில் ஒப்பந்தம் ஏற்பட்டு, அது அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பதிவானால்தான் சட்டத்தின் பார்வையில் அவர் தொழிற்பழகுநர். பதிவு இல்லாமல் ஈராண்டு வேலை செய்துவிட்டுக் கடைசியில் சான்றிதழ் கேட்டால், கொடுப்பதற்கு எவரிடமும் ஒன்றும் இருக்காது. சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒப்பந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் கூச்சப்படத் தேவையில்லை.

சட்டப்படி தொழிற்பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிர, தொழிலாளி அல்லர். இதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு. வருங்கால வைப்புநிதியும் இ.எஸ்.ஐ.யும் அவருக்குப் பொருந்தா. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. மறுபுறம், அரசின் தொழிற்பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் இன்றி அவரை மிகைநேர வேலை வாங்கக் கூடாது. தொழிற்சாலைகளில் உடல்நலம், பாதுகாப்பு, நலவசதி பற்றிய சட்ட விதிகள் அவருக்கும் பொருந்தும். பயிற்சியின்போது விபத்து ஏற்பட்டால் இழப்பீட்டுக்கு உரிமை உண்டு. குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிறது என்று மட்டும் இந்தச் சட்டத்தைப் படிக்கிற நிறுவனங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அவை கற்றுத்தர வேண்டிய பணிகளின் பட்டியலைப் பழகுநர் தன் கையில் வைத்திருந்தால், ஆறு மாதமாக ஒரே இயந்திரத்தில் ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறோம் என்பதை அவரே கண்டுகொள்வார்.

பயிற்சியின் முடிவில், அரசு நிர்ணயித்த தொழிற்பிரிவுகளுக்கு அகில இந்தியத் தொழிற்தேர்வு நடக்கும். அதில் தேறியவருக்குத் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வழங்கப்படும். ஐ.டி.ஐ.யில் படித்துப் பெறுவது தேசியத் தொழிற்சான்றிதழ். இரண்டும் வெவ்வேறு; இரண்டும் கையில் இருப்பவருக்கு மதிப்புக் கூடுதல். ரயில்வேயின் முதல் நிலைப் பணியிடங்களுக்கான நேரடித் தேர்வில், ரயில்வேயிலேயே தொழிற்பழகுநர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு 20 விழுக்காடு ஒதுக்கப்பட்டிருப்பது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. டிப்ளமோவும் பட்டமும் பெற்றவர்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சியைத் தென்மாநிலங்களில் சென்னைத் தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் கவனிக்கிறது.

பிட்டர் செய்முறைத் தேர்வை ஒரு முறையாவது அருகில் நின்று பார்த்தால் ‘தரம்’ என்ற சொல்லின் கனம் புரியும். தேர்வருக்கு ஒரு வரைபடமும் இரும்புத் தகடுகளும் தரப்படும். அளந்து கோடு கிழித்து, பஞ்ச் அடித்து, அறுத்து, அரத்தால் ராவி, ஒரு துண்டின் துருத்தல் மற்றதன் பள்ளத்தில் பொருந்தும்படி செய்ய வேண்டும். பல வேலைகளில் அளவு 0.04 மில்லிமீட்டருக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தலைமுடியின் பருமனைவிடச் சிறிய இடைவெளி அது. பொருத்திய துண்டுகளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கும்போது இணைப்பில் ஒளிக்கீற்று தெரிந்தால் மதிப்பெண் போகும். அரத்தை எப்படிப் பிடித்தார், வைஸில் துண்டை எந்த உயரத்தில் கட்டினார், கருவிகளை எங்கே வைத்தார் என்பவையும் கவனிக்கப்படும். ஐ.டி.ஐ. தேர்வில் செய்முறைக்கு 60 விழுக்காடும், எழுத்துத் தாளுக்கு 33 விழுக்காடும் தேர்ச்சி அளவாக இருப்பதிலிருந்தே இந்த முறை எதை முதன்மையாகக் கருதுகிறது என்பது தெரியும்.

இரண்டாம் வழி: ஏற்கெனவே தெரிந்ததற்கு அங்கீகாரம்

பழகுநராகச் சேரும் வயதும் நிலையும் தாண்டிவிட்டவர்களுக்கு இது. முன்கற்றல் அங்கீகாரம் என்பது இதன் பெயர். 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் ஒரு பகுதியாகப் பரவலாயிற்று. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமும் இதைச் செயல்படுத்துகிறது. தொழிலாளி பதிவு செய்துகொண்டதும், அவர் செய்துவரும் வேலை எந்தத் தகுதித் தொகுப்புக்குப் பொருந்தும் என்று பார்க்கிறார்கள். பாதுகாப்பு விதிகள், புதிய கருவிகள், வாடிக்கையாளரிடம் பேசும் முறை போன்று பட்டறைப் பழக்கத்தில் விட்டுப்போயிருக்கக்கூடியவற்றைச் சொல்லித்தரும் ஒரு குறுகிய அறிமுகப் பயிற்சி நடக்கும். பிறகு மதிப்பீடு: சில கேள்விகள், செய்முறை, நேர்முக உரையாடல். திட்டத்தின்கீழ் நடக்கும்போது தொழிலாளியிடம் கட்டணம் வாங்கப்படுவதில்லை.

நோக்கத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. கெடுவதெல்லாம் நடத்தும் விதத்தில்தான். முகாம் போட்டு, ஒரே மதியத்தில் ஒரு மண்டபம் நிறைந்த தொழிலாளிகளை மதிப்பிட்டு, குழுப் படம் எடுத்துக்கொண்டு முடித்தால், கிடைக்கும் சான்றிதழை எந்த வேலைகொடுப்பவரும் இரண்டாம் முறை திருப்பிப் பார்க்க மாட்டார். அவரவர் கருவியில், அவரவர் பட்டறையில், பாதி முடிந்த உண்மையான வேலையில் உட்காரவைத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் ஒருவரின் கை எப்படிப்பட்டது என்பது தெரிந்துவிடும். முகாமில் கலந்துகொள்ள அழைப்பு வந்தால், மதிப்பீடு எங்கே, எந்தக் கருவியில், எவ்வளவு நேரம் நடக்கும் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் இந்த எண்ணத்துக்கு வெகு காலம் முன்பிருந்தே ஒரு வடிவம் உண்டு. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வைத்தான் சொல்கிறேன். மின்சாரப் பணியில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவமும் 21 வயதும் உள்ளவர் இதற்கு விண்ணப்பிக்கலாம், தேர்வு ஐ.டி.ஐ.க்களில் நடக்கும். பள்ளியை இடையில் விட்டுவிட்டு வயர்மேனுக்குக் கையாளாகப் போன எத்தனையோ பேர், வீட்டு இணைப்பு வேலைகளைச் சட்டப்படி செய்யும் தகுதிக்கு இந்த வாசல் வழியாகவே வந்திருக்கிறார்கள். இதேபோல, உரிய பணி அனுபவம் உள்ளவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித் தேர்வர்களாக எழுதவும் வாய்ப்புண்டு, தேறினால், ஐ.டி.ஐ.யில் சேர்ந்து படிக்காமலே தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். இரண்டுக்கும் ஆண்டுதோறும் செய்திக்குறிப்பு வெளியாகும். அது நாளிதழின் உள்பக்கத்தில் சிறு பெட்டிச் செய்தியாக வந்துபோவதால் பலர் கண்ணில் படுவதில்லை. சேலத்தில் இருப்பவர்கள் கோரிமேட்டில் உள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்திலோ மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலோ நேரில் விசாரித்துவிடுவது பத்திரிகையை நம்பியிருப்பதைவிட உறுதியானது.

வேலை நின்றால் தகுதியும் நிற்கும் ஒரு வகை

வெல்டர்களுக்கு மட்டும் தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கொதிகலன், உயர் அழுத்தக் குழாய் போன்றவற்றில் வேலை செய்ய ஐ.டி.ஐ. சான்றிதழ் மட்டும் போதாது. குறிப்பிட்ட முறையில், குறிப்பிட்ட நிலையில் வெல்டிங் செய்துகாட்டி அதற்கென்று தனியாகத் தகுதி பெற வேண்டும். இத்துறையில் ‘6ஜி’ என்று சொல்வது, குழாயை 45 பாகை சாய்வில் அசையாமல் பொருத்திவிட்டு, வெல்டர் தன் உடலை வளைத்துச் சுற்றிவந்து முழு வட்டத்தையும் இணைக்கும் தேர்வு. மேலிருந்தும், பக்கவாட்டிலும், அடியிலிருந்து அண்ணாந்தும் ஒரே இணைப்பிலேயே வேலை செய்ய வேண்டியிருப்பதால், அதில் தேறியவரை மற்ற நிலைகளுக்கும் ஏற்றுக்கொள்கிறார்கள். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதித்தொகுப்பைப் பின்பற்றும் இடங்களில், 6 மாதம் அந்த முறையில் வெல்டிங் செய்யாமல் இருந்தால் தகுதி காலாவதியாகிவிடும். ஆகவே வெல்டர் தன் வேலைப் பதிவைத் தேதியோடு எழுதி, மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு வைத்திருக்க வேண்டும். பட்டம் வாங்கியவர் அதன்பின் ஒரு நாளும் அந்தத் துறைப் பக்கம் போகாவிட்டாலும் பட்டதாரியாகவே இருக்கிறார். வெல்டருக்கு அந்தச் சலுகை இல்லை.

எங்கே பயன்படும், எங்கே பயன்படாது?

வீட்டுப் பக்கத்துப் பட்டறைக்கு வேலை கேட்டுப் போனால் சான்றிதழை எவரும் கேட்கப் போவதில்லை. ‘இந்தத் துண்டைப் பற்றவைத்துக் காட்டு’ என்பார்கள், அதோடு முடிந்தது. கொலுசுத் தொழிலில் கூலி, செய்து கொடுத்த எடையையும் வேலைப்பாட்டையும் பொறுத்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் சுவரில் தொங்குவதால் கூலி உயர்ந்துவிடாது. இதை மறைத்து, சான்றிதழ் வந்தால் வருமானம் இரட்டிப்பாகும் என்று பேசுவதை நான் ஏற்பதில்லை.

அறிமுகம் இல்லாத இடத்துக்குப் போகும்போதுதான் தாள் பேசத் தொடங்குகிறது. பொதுத்துறை வேலை, பெரிய ஆலையின் நிரந்தரப் பணி, ஓசூருக்கோ சென்னைக்கோ மாறிச் செல்வது, வளைகுடா வேலை ஆகிய எல்லாவற்றிலும் முதல் சல்லடை சான்றிதழ்தான். சவூதி அரேபியா தற்போது பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர் உள்ளிட்ட பல வேலைகளுக்கு, விசாவுக்கு முன்பே திறன் சரிபார்ப்புத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும் என்று வைத்திருக்கிறது. மேற்படிப்புக்கும் வாசல் உண்டு. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. முடித்தவர், மொழித் தேர்வுகளில் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம், பத்தாம் வகுப்புக்குப் பின் முடித்தவர், அதேபோலப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாகலாம், ஐ.டி.ஐ. தகுதியோடு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. பதினாறு வயதில் பட்டறைக்குப் போன ஒருவர் முப்பது வயதில் டிப்ளமோ படிக்க நினைத்தால், இடையில் பெற்ற தொழில் சான்றிதழ்தான் அவரை அந்தக் கல்லூரி வாசலில் நிற்கவைக்கிறது.

ஆகவே எந்த வழியில் போவது என்பதை, எந்த வாசலைத் தட்டப் போகிறோம் என்பதிலிருந்து பின்னோக்கித் தீர்மானிப்பதே சரி. ரயில்வே வேண்டும் என்றால் ஐ.டி.ஐ.யும் ரயில்வேயிலேயே தொழிற்பழகுநர் பயிற்சியும். சொந்தமாக மின்வேலை எடுத்துச் செய்ய வேண்டும் என்றால் மின்கம்பியாள் உதவியாளர் தேர்விலிருந்து தொடங்கலாம். பத்து ஆண்டாக ஒரே தொழிலில் இருந்துவிட்டு ஊர் மாறப் போகிறவருக்கு முன்கற்றல் அங்கீகாரமே விரைவான வழி.

எந்த வழியானாலும், பதிவு செய்யும் முன் ஆதார் அட்டையையும் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றில் பெயருக்கு முன்னாலும், மற்றொன்றில் பின்னாலும், வங்கிப் புத்தகத்தில் தந்தையின் முழுப் பெயராக விரிந்தும் இருப்பது நம் ஊரில் வழக்கம். இணையதளம் இவற்றை மூன்று வேறு ஆட்களாக எண்ணிக்கொள்ளும். உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறாமல் நிற்பதற்கும், தேறிய பிறகும் சான்றிதழ் தரவிறங்காமல் இருப்பதற்கும் இதுவே காரணமாகிவிடுகிறது. சான்றிதழ் அச்சான பிறகு பெயரைத் திருத்த மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். ஆதாரில் முன்பே திருத்திக்கொள்வதென்றால், உரிய ஆவணங்களோடு இ-சேவை மையத்தில் செலவிடும் அரை நாளோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.